சட்டி கழுவியவன் காத்த பட்டினம்

சுகுமாறனை எங்கள் கிடங்கில் யாரும் எழுத்தாளர் என்று அழைத்ததில்லை. போர்க்லிஃப்ட் சுகு என்றால்தான் தெரியும். போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு வந்து இறங்கும் கிடங்கு அது. அதன் ஓரத்தில் கெண்டீன் நடத்துகிறவள் நான், லோகேஸ்வரி. காலை இடைவேளையில் எல்லோரும் ஒரே மேசையில் கூடி மேனேஜரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். இவர் மட்டும் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து, கைப்பேசியை வாய்க்கு நேராகப் பிடித்து, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டே இருப்பார். நான் வைத்த தே தாரேக் தேநீர் ஆறி, மேலே ஆடை கட்டிவிடும்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“என்னா சுகு அண்ணே, இந்த வயசுல யாருகூட இம்புட்டுக் குழையுறீங்க?”

“அட போ லோகா. அக்காவுக்குக் கதை சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

“அக்காவுக்கு என்னா வயசு, அஞ்சா?”

அவர் சிரிக்கவில்லை. “அறுவதுக்கு மேல ஆச்சு. ஆனா கதை கேக்குறப்ப அஞ்சுதான்,” என்றார்.

அந்த அக்கா புனிதாவை எனக்கு நன்றாகத் தெரியும். பண்டமாரானில் ஒரே அடுக்குமாடி. எனக்கு ஒரு மாடி மேலே அவர் வீடு. அக்காவும் தம்பியும் கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அம்மா சீக்கிரமே போய்விட, தம்பியைக் குளிப்பாட்டித் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பியது அக்காதான். அதற்காகத் தன் படிப்பை நிறுத்திக்கொண்டார். பிறகு கையுறைத் தொழிற்சாலையில் வேலை, தாமதமான கல்யாணம், ஒரே மகள் ஷாமினி, மாரடைப்பில் போன கணவர், சர்க்கரை வியாதி, கடைசியில் சிறுநீரகம். சுகு அண்ணே கல்யாணமே செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டால் “யாரும் கேக்கல” என்பார்.

வாரத்துக்கு மூன்று நாள் புனிதாக்காவுக்கு டயாலிசிஸ். நான்கு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். அங்கே தொலைக்காட்சியில் ஓடும் மலாய் நாடகம் அவருக்குப் பிடிக்காது. “மேக்கூரையப் பாத்துப் பாத்துப் பைத்தியம் புடிக்குதுடா, எதாச்சும் சொல்லு” என்று தம்பியைக் கேட்டார். தம்பியும் சொல்ல ஆரம்பித்தார். குரல் பதிவாக அனுப்புவார். அக்கா காதில் மாட்டிக்கொண்டு கேட்பார். வேலை முடிந்து வரும் ஷாமினி அதைக் கேட்டுக் கணினியில் தட்டி வைப்பாள். இப்படி மூன்று வருஷம் ஓடியதில் அது தடித்த நாவலாகிவிட்டது. அவர் எழுத வேண்டும் என்று உட்கார்ந்து எழுதியதே கிடையாது.

கதை இதுதான். ஆழிப்பட்டினம் என்று ஒரு துறைமுகப் பட்டினம். அங்கே அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கிறார்கள். மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டவர்கள், விழா முடிந்து பூசாரி அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த நேரம் பார்த்து, கடலிலிருந்து மூடுபனிப் படை ஒன்று வந்து ஊரைச் சூழ்ந்துகொள்கிறது. வீரர்கள் எல்லோரும் பனியால் ஆனவர்கள். வெட்டினால் இரண்டாவார்கள், மறுநொடி கூடிக்கொள்வார்கள். ராஜா முதல் கப்பலில் ஏறி ஓடுகிறார். தளபதி இரண்டாவது கப்பலில். பூசாரியோ அவர்களுக்கும் முன்னாலேயே, யாருக்கும் சொல்லாமல். காப்புக் கட்டிய மற்றவர்கள் கயிற்றை அறுத்து எறிந்துவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். கோயில் மடைப்பள்ளியில் சட்டி கழுவும் சட்டியன் மட்டும் நின்றுவிடுகிறான்.

வீரம் எல்லாம் ஒன்றும் கிடையாது. காப்பை அவிழ்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். எல்லையைத் தாண்டினால் சாமி குற்றமாகிவிடுமே என்று பயந்ததில், எதிரிக்குப் பயப்பட மறந்துபோனான். அந்தப் படைக்கு ஒரு பலவீனம் இருந்தது. எந்த ஊரில் ஒரே ஓர் அடுப்பாவது எரிகிறதோ அந்த ஊருக்குள் அது நுழைய முடியாது. ஆகவே சட்டியன் மடைப்பள்ளி அடுப்பை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாள் பிடிக்கத் தெரியாதவன், தட்டைப் பாதம், பல்லிக்குக்கூடப் பயப்படுகிறவன், தன்னந்தனியாக ஒரு பட்டினத்தைக் காக்கிறான்.

புனிதாக்கா இதைக் கேட்டு டயாலிசிஸ் நாற்காலியில் வாய்விட்டுச் சிரிப்பாராம். நர்ஸ் வந்து, கையை ஆட்டாதீங்க ஆன்டி என்று திட்டுவாளாம். பக்கத்து நாற்காலிச் சீன ஆன்டிக்கு அக்கா மலாயில் கதையை மொழிபெயர்த்துச் சொல்வார். அந்த ஆன்டி ஒவ்வொரு தடவையும் வந்து உட்கார்ந்ததும், சட்டியன் இன்னும் உயிரோடு இருக்கிறானா என்றுதான் முதலில் விசாரிப்பாராம்.

ஒரு தடவை பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் எழுத்தாளர் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஷாமினி தட்டிய பக்கங்களில் கொஞ்சம் வாசித்தார். முடிந்ததும் ஜிப்பா போட்ட ஒருவர் எழுந்து, நம் மக்களின் தோட்டத்துத் துயரம் இவ்வளவு இருக்கும்போது இந்தப் பனிப்பூதக் கதையெல்லாம் எதற்கு என்று கேட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. தோட்டத்துத் துயரத்தில் பிறந்து வளர்ந்தவரைப் பார்த்து, கோலாலம்பூரில் குளிர்சாதன அறையில் பிறந்த மனிதர் பாடம் நடத்துகிறார். நான் எழப் போனேன். சுகு அண்ணே என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். கொம்யூட்டர் ரயிலில் திரும்பும்போது, “விடு லோகா, நான் அவங்களுக்கா சொன்னேன்?” என்றார். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் அவர் போகவில்லை.

அக்காவுக்கும் தம்பிக்கும் அந்தக் கதையில் ஒரே ஒரு தகராறுதான் இருந்தது. முடிவு. பட்டினத்தில் விறகெல்லாம் தீர்ந்துபோகும், கடைசியில் சட்டியன் தானே அடுப்புக்குள் இறங்கித் தீயை அணையாமல் காப்பான் என்று சுகு அண்ணே ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அக்காவுக்கு அது ஆகவே இல்லை. என் கெண்டீனிலேயே, ஸ்பீக்கரில் போட்டுச் சண்டை நடக்கும்.

“அவனக் கொன்னுடாதடா தம்பி. வீட்டுக்கு அனுப்பு.”

“செத்தாத்தான்க்கா அவன் வீரன். உசுரோட வந்தா வெறும் சட்டி கழுவுறவன்.”

“சட்டி கழுவுறவனாவே வரட்டுமே. வந்தா ஒனக்கு என்னா கொறஞ்சிரும்?”

“கதை கொறஞ்சிரும்.”

மற்ற எதில் அக்கா சொன்னாலும் தலையாட்டும் மனிதர் இதில் மட்டும் ஒற்றைக் காலில் நின்றார். அக்காவும் விடவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகு, “மறந்துடாத, வீட்டுக்கு அனுப்பு” என்று சேர்த்துக்கொள்வார்.

போன வருஷம் புனிதாக்காவுக்கு இரத்தத்தில் கிருமி ஏறிக் காய்ச்சல் கண்டது. பிழைப்பதே சந்தேகம் என்றார்கள். பிழைத்தார். வட கிள்ளானில் மேரு சாலைப் பக்கம் இருக்கும் சின்ன மாரியம்மன் கோயிலில், அக்கா எழுந்து நடந்தால் தீ மிதிக்கிறேன் என்று சுகு அண்ணே அப்போது வேண்டிக்கொண்டிருந்தார். அந்த வேண்டுதலைத் தீர்க்கத்தான் இந்த வருஷம் காப்புக் கட்டினார். அந்தக் கோயிலில் சட்டம் கடுமை. காப்புக் கட்டியவர்கள் தீ மிதித்து முடியும்வரை கோயில் மண்டபத்திலேயே படுக்க வேண்டும். சாவு வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகக் கூடாது. கிள்ளான் ஆற்றைத் தாண்டவே கூடாது. கோயில் கட்டிய காலத்தில் அதுதான் எல்லை. கிடங்கில் விடுப்பு வாங்கிக்கொண்டு, துணிப்பையோடு போய்ப் படுத்துவிட்டார்.

“அப்ப கதை?” என்று நான் கேட்டேன்.

“அங்க உக்காந்துதான் முடிக்கணும். சட்டியனும் காப்புக் கட்டிருக்கான், நானும் கட்டிருக்கேன். இதவிட நல்ல எடம் ஏது?” என்று சிரித்தார்.

அவர் காப்புக் கட்டிய சில நாளிலேயே புனிதாக்காவுக்குப் பழைய காய்ச்சல் திரும்ப வந்தது. ஆற்றுக்குத் தென்பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தம்பியிடம் அக்காவே போன் போட்டுச் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தப் பக்கம் அவர் துடிப்பது எனக்கே கேட்டது.

“நான் வரேன்க்கா. காப்பு கீப்பு எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்.”

“செருப்பால அடிப்பேன். சாமி காரியத்துல வெளையாடாத. எப்பவும் வர காச்சதான், ரெண்டு ஊசியில எறங்கிரும். நீ கதைய அனுப்பு, அது போதும்.”

போனை வைத்ததும் எங்கள் பக்கம் திரும்பினார். அப்போது குரலில் அந்த அதட்டல் இல்லை.

“லோகா, பாப்பா, ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. எனக்கு ஒண்ணு ஆயிட்டாலும், காப்பு அவுக்குற வரைக்கும் தம்பிகிட்ட வாயத் தொறக்கக் கூடாது. எனக்காகத்தான் கட்டுனான். பாதியில அறுத்தா அவனுக்கு எதாச்சும் ஆயிரும். எம்மேல சத்தியம்.”

ஷாமினி அழுதுகொண்டே தலையாட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, அவரப் பாக்கணும்னு ஒங்களுக்கு ஆசை இல்லையா?” என்று கேட்டேன்.

“ஆசை இல்லாமயா?” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை ஒரு பதிவு வந்தது. ஆழிப்பட்டினத்தில் விறகு தீர்ந்துவிட்டது. சட்டியன் வண்டிகளை உடைத்து எரித்துவிட்டான், ராஜாவின் கட்டிலை எரித்துவிட்டான், கோயில் தேரைக்கூட அழுதுகொண்டே வெட்டி அடுப்பில் வைத்துவிட்டான். மதிலுக்கு வெளியே பனி ஏறிக்கொண்டே வருகிறது. கையில் ஒரு மரச்சிறாய்தான் மிச்சம். அங்கே நிறுத்தியிருந்தார். புனிதாக்கா கண்ணை மூடிக் கேட்டார். மூச்சு வாங்கியது. “அடுத்தது என்னான்னு கேளு பாப்பா. சீக்கிரம் அனுப்பச் சொல்லு,” என்றார். அதன்பின் அதிகம் பேசவில்லை. விடியும்போது போய்விட்டார்.

அன்றைக்கு மாலையே எடுத்துவிட்டோம். எங்கள் ஆட்களில், கல்யாணமாகிப் போன பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். தம்பியோ அண்ணனோ புதுப் புடவையோடு வந்து போர்த்தினால்தான் அவள் கிளம்புவாள். வந்தவர்கள் எல்லோரும் “தம்பி எங்க, தம்பி எங்க” என்று கேட்டார்கள். காப்புக் கட்டியிருக்கிறார் என்றதும் சிலர் தலையாட்டினார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். கடைசியில் சித்தப்பா மகன் ராஜன், சுகுமாறன் பேரைச் சொல்லிக் கோடி போட்டான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அந்தச் சத்தியம் இல்லையென்றால் நானே போய்த் தம்பியைக் கூட்டி வந்திருப்பேன். காரில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் தூரத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

அக்காவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோதே அவருடைய கைப்பேசியில் செய்தி வந்த சத்தம் கேட்டது. ஷாமினி ஈரக் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தாள். “அக்கா, கேட்டியா? ஏன் பதிலே காணோம்? காச்ச எப்படி இருக்கு?” என்று தம்பியின் குரல். அந்தப் பிள்ளை கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு தட்டினாள். “தொண்டை கட்டிருக்கு தம்பி. பேச முடியல. பாப்பா டைப் பண்றா. நீ சொல்லு.”

மறுநாள் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் கடைசி அத்தியாயம் வந்தது. நானும் ஷாமினியும் சேர்ந்தே கேட்டோம். சுகு அண்ணே சொன்ன சொல் மாறவில்லை. சிறாயும் எரிந்து தீர்ந்தது, சட்டியன் காப்புக் கையைக் கும்பிட்டுக்கொண்டு அடுப்புக்குள் இறங்கினான், தீ எழுந்தது, பனி பின்வாங்கியது. பட்டினம் பிழைத்தது. நன்றாகத்தான் சொல்லியிருந்தார். ஆனால் அதைக் கேட்கும் நேரமா அது? ஷாமினி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள்.

“வேணாம் தம்பி. அவன வீட்டுக்கு அனுப்பு.”

“என்னாடி பண்ற? நல்லாருக்குன்னு போட்டுட்டு விடு,” என்றேன்.

“அம்மா இருந்தா இதத்தான் ஆன்டி சொல்லும். வேற எதுவும் சொல்லாது.”

நீல நிற டிக் விழுந்தது. பதிலே இல்லை. கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தோம். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு வரி வந்தது: “சரிக்கா. ஒனக்காக.”

மூன்று வருஷம் அசையாத மனிதர்! உயிரோடு இருந்த அக்கா கெஞ்சியும் கிடைக்காதது, அவர் போன பிறகு கிடைத்தது. எனக்கு அழுவதா யாரையாவது அடிப்பதா என்று தெரியவில்லை. அடிக்க ஆளும் இல்லை.

அடுத்த நாள் மதியம் புது முடிவு வந்தது. பின்னால் அன்னதானத்துக்குப் பாத்திரம் உருட்டும் சத்தம், யாரோ “உப்பு எங்கலா?” என்று கத்தும் சத்தம். அதற்கு நடுவே அவர் குரல். சட்டியன் கையில் கடைசிச் சிறாயோடு நிற்கிறான். சுற்றிப் பார்க்கிறான். எரிக்க மரமே இல்லாத ஊரில் ஒரே ஒரு மரச்சாமான்தான் மிச்சம். கோட்டைக் கதவு. எதைக் காக்க இவ்வளவு நாள் நின்றானோ அதையே கோடரியால் பிளக்கிறான். கதவில்லாத கோட்டை வாசல் வழியாகப் பனிப்படை எட்டிப் பார்க்கிறது; ஆனால் அடுப்பு எரிகிறது, நுழைய முடியவில்லை. கதவு முழுக்க எரிந்து தீர்வதற்குள் வெயில் ஏறி, பனி கடலோடு போய்விடுகிறது. சட்டியன் அடுப்பைக் கும்பிட்டுவிட்டு, காப்பைத் தன் பல்லாலேயே அவிழ்க்கிறான். வீட்டுத் தெருவைப் பார்த்து நடக்கிறான். வாசலுக்கு வருகிறான். அங்கே கதை நின்றது.

“அவ்ளோதான்க்கா. முடிஞ்சிருச்சு. நீ வீட்டுக்கு வந்ததும் மொதல்லேருந்து ஒரு தடவ சேந்து கேப்போம்.”

ஷாமினி அதற்கு என்ன பதில் போட்டாள் என்று நான் பார்க்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தீ மிதி அன்றைக்கு நான் தலை முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். குடும்பத்து ஆள் யாரும் வர முடியாதே. மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாக அவர் பூக்குழியில் இறங்கினார். நடையில் அவசரம் இல்லை. ஏறி வந்ததும் கூட்டத்தில் என்னைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. மறுநாள் காலை மஞ்சள் நீராட்டு முடிந்து பூசாரி காப்பை அவிழ்த்தார். கோயில் வாசலில் என் வேன் நின்றது. ராஜனை வந்து சொல்லச் சொன்னேன், அவன் நழுவிவிட்டான். ஆம்பளைகள் இதற்குத்தான் லாயக்கு.

வாழையிலையில் மடித்த குங்குமமும் விபூதியும் கையில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். வாய் ஓயவில்லை.

“இப்ப உள்ள விடுவாங்களா லோகா? மத்தியானத்துக்கு மேலதானே நேரம்? பரவால்ல, வெளிய நிப்போம். சட்டியன நான் வீட்டுக்கு அனுப்புனதுக்கு அக்கா என்னா சொல்லுச்சு? டைப் பண்ணி என்னா தெரியும், மொகத்தப் பாக்கணும்.”

வேன் பாலத்தில் ஏறியது. கீழே ஆறு கலங்கலாக ஓடியது. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பாலத்தைத் தாண்டியதும் ஆஸ்பத்திரிக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். நான் வலது பக்க சிக்னல் போட்டேன்.

“லோகா, இந்தப் பக்கம்லா.”

“வீட்டுக்குப் போறோம்ண்ணே.”

“ஐயோ, டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்களா?”

அந்த முகத்தில் ஏறிய வெளிச்சத்தைப் பார்த்த பாவத்துக்கு நான் எத்தனை பிறவி எடுத்தாலும் போதாது. பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்தில் வேனை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். லோரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர், “எப்ப?” என்றார். சொன்னேன். அவர் மனதுக்குள் நாட்களை ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது.

“அப்ப, தொண்டை கட்டிருக்குன்னு வந்தது…”

“பாப்பா போட்டதுண்ணே. அக்காதான் சத்தியம் வாங்கிருச்சு. காப்பு அவுக்குற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு.”

இலைப் பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். பண்டமாரான் வரும்வரை கையை எடுக்கவில்லை.

வீட்டில் அக்காவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. முன்னால் விளக்கு எரிந்தது. ஷாமினி ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டு, “மன்னிச்சிருங்க மாமா, மன்னிச்சிருங்க மாமா” என்று அரற்றினாள். அவர் அவளைத் தூக்கி நிறுத்தினார். படத்தைப் பார்க்காமல் கீழே உட்கார்ந்தார்.

“கோடி யாரு போட்டா?”

“ராஜன் மாமா. ஒங்க பேரச் சொல்லித்தான் போட்டாங்க.”

“என்னா கலரு?”

ஷாமினி என்னைப் பார்த்தாள். “பச்ச,” என்றாள்.

“அதுக்குப் பச்ச புடிக்காதே,” என்றார். அப்போதுதான் உடைந்தார். அத்தனை பெரிய ஆள், தரையில் நெற்றியை வைத்து, சின்னப் பிள்ளை போல அழுதார். ஒரு புடவை நிறத்துக்காக அப்படி அழ முடியுமா என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. நானும் சேர்ந்துதான் அழுதேன்.

அடங்கியதும் ஷாமினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார்.

“மாத்தச் சொன்னது நீயா பாப்பா?”

“நான்தான் மாமா. ஆனா அம்மா கேட்டதத்தான் கேட்டேன். நானா எதுவும் சேக்கல.”

“தெரியும். மூணு வருஷமாக் கேட்டுச்சு. ஒரு வார்த்த, சரின்னு சொல்லிருக்கலாம். சொன்னா என்னா கொறஞ்சிருக்கும்?” தம்ளரைக் கீழே வைத்தார். “எம்புட்டு தூரம் கேட்டுச்சு?”

“கையில ஒரு சிறாய் மட்டும் இருக்குற எடம் வரைக்கும்.”

அவர் தலையை ஆட்டினார். கீழே ஐஸ்கிரீம்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். நான் அடுப்படிக்குப் போய்ச் சோறு எடுத்து வைக்கலாம் என்று எழுந்தேன். அப்போது ஷாமினி கேட்டாள். அவள் கதையைத் தட்டி வைத்தவள். அவளுக்கு அது முடிக்காத வாக்கியமாகவே கிடந்திருக்கிறது.

“மாமா, சட்டியன் வீட்டு வாசலுக்கு வந்தான்ல. உள்ள யாரு இருந்தா? நீங்க சொல்லவே இல்ல.”

சுகு அண்ணே முதல் தடவையாக நிமிர்ந்து அக்காவின் படத்தைப் பார்த்தார்.

“யாரும் இல்ல பாப்பா. எல்லாரும் முன்னாடியே போயிட்டாங்க. அதக் கேட்டா அக்கா தாங்காதுன்னுதான் வாசல்லயே நிறுத்திட்டேன்.”